தொடைக்கு ஒரு தகடு, நெஞ்சுக்கு ஒரு தகடு

டாக்டர் "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று சொன்னதும் முகம் வாடிப் போகிறவர்கள் சிலர் உண்டு. நானும் அந்தக் கூட்டம்தான். ஒன்றும் இல்லையென்றால் இத்தனை நாள் நான் பயந்த பயமெல்லாம் யார் கணக்கில் சேரும்? இப்போது வயதாகிவிட்டதால் இதை வெளியே சொல்ல முடிகிறது. எழுபதுகளின் நடுவில், கல்யாணம் நிச்சயமான புதிதில், இதை யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். (எப்படியும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.)

அப்போது திருவள்ளூரில் அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். ஆவடிப் பக்கம் பம்பு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு ஸ்டோர் கிளார்க் வேலை. கும்மிடிப்பூண்டியில் செங்கல் சூளை வைத்திருந்த முனிரத்தினம் என்பவரின் மகள் கஸ்தூரியை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். அந்தப் பக்கம் தொழிற்பேட்டைக்குக் கொட்டகை கொட்டகையாக எழும்பத் தொடங்கியிருந்த காலம் அது. மனிதர் செங்கல்லில் செழிப்பாக இருந்தார். எதையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். பெண் பார்க்கப் போன அன்று என் முதுகில் கூட இரண்டு தட்டு தட்டினார். அன்பினால் என்று நினைத்துக்கொண்டேன்.

கஸ்தூரி காபி டம்ளரை நீட்டியபோது என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள், என் வேட்டியை ஒரு தரம் பார்த்தாள். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த சம்பாஷணை. எனக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப் போயிற்று. வேட்டியைப் பார்த்ததற்கு மட்டும் அர்த்தம் தெரியவில்லை. மறுநாள் ரயிலில் என் சிநேகிதன் செல்வராஜிடம் அர்த்தம் கேட்டேன். அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

செல்வராஜ் செவ்வாப்பேட்டையில் ஏறுவான். அவனுக்குத் தெரியாது என்று ஒரு விஷயம் கிடையாது, தெரிந்தது என்றும் ஒன்று கிடையாது. "வேட்டிய பாத்துதா? அப்ப ஒன்ன பட்டிக்காட்டான்னு நெனச்சிக்கினுகீது. ஒரு பெல்பாட்டம் தச்சிக்கோ. இல்லைன்னா ரொம்ப பேஜாராப் பூடும்" என்றான்.

தைத்துக்கொண்டேன். கால் பக்கம் இரண்டு கோழிகளைக் கவிழ்த்து வைக்கலாம், அத்தனை அகலம். இடுப்பில் உள்ளங்கை அகல பெல்ட், அதன் நடுவில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு பக்கிள். கல்யாணத்துக்குள் பழகிவிட வேண்டும் என்று தினமும் வேலைக்கு அதையே போட்டுக்கொண்டு போனேன். பிளாட்பாரத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

வியாதி வந்தது அந்தச் சமயத்தில்தான். முதலில் இடது தொடையின் வெளிப்பக்கம் மிளகாய் அரைத்துப் பூசினதுபோல் எரிந்தது. பிறகு அதே இடம் மரத்துப் போயிற்று. கிள்ளினால் யாரோ பக்கத்து வீட்டுக்காரரைக் கிள்ளுவதுபோல இருந்தது. மத்தியானம் சாப்பிட்டதும் வயிறு கல்லாகிவிடும். சாயங்காலம் ரயிலுக்கு ஓடினால் மூச்சு பாதியில் நின்று யோசிக்கும். ஒரு வேடிக்கை, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றுமே இருக்காது. இதைச் செல்வராஜிடம் சொன்னபோது அவன் முகம் இருண்டுவிட்டது.

"பெரிய வியாதிங்க அப்டித்தான் தாமு. வாரத்துக்கு ஒரு நாளு பதுங்கும்."

"என்னன்னு நினைக்கிறே?"

"தொடைன்னா வாதம். மூச்சுன்னா நெஞ்சு. வயிறுன்னா ஈரலு. மூணும் சேந்து வந்தா..." என்று நிறுத்தி, ஜன்னல் வழியாகத் திருநின்றவூர் ஏரியைப் பார்த்தான். மூன்றும் சேர்ந்து வந்தால் என்ன என்பதை அவன் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

தேரடிப் பக்கத்தில் ஒரு லேடி டாக்டர் இருந்தார். கெட்டிக்காரர், கோபக்காரர். டாக்டரைப் பார்க்க வேட்டி கட்டிக்கொண்டு போவதுதான் மரியாதை என்று அம்மா சொன்னதால் லீவு போட்டு, வேட்டியில் போனேன். அவர் முட்டியைத் தட்டினார், கண்ணை விரித்துப் பார்த்தார், பஞ்சால் தொடையைத் தடவினார். "பார்த்தா ஒண்ணும் தெரியலையே. எதுக்கும் ரத்தம் எடுத்து மெட்ராசுக்கு அனுப்பறேன். ஒரு எக்ஸ்ரேயும் எடுத்துடு. அடுத்த வாரம் வா" என்றார். பார்த்தால் ஒன்றும் தெரியாத வியாதி என்றால் அது எத்தனை ஆழத்தில் இருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அந்த ஒரு வாரம் நான் செய்த கோமாளித்தனங்களை என் பேரப்பிள்ளைகளுக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை. ஸ்டோரில் எந்த போல்ட் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று மேனேஜரிடம் ஒப்பித்தேன், நாளைக்கு அவர் தவிக்கக் கூடாதே என்று. சாயங்காலம் சாப்பிடுகிற வடையை இது கடைசி வடையாக இருக்கலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். (தினமும் ஒரு கடைசி வடை ஆயிற்று.) எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் சைக்கிளை நீயே வைத்துக்கொள் என்று செல்வராஜிடம் தழுதழுத்தேன். அவன் கண்கலங்கி, "எதுக்கும் இப்பவே ஓட்டிப் பாத்துடறேன்" என்று அன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டான். மரத்துப்போன தொடையோடு நான் ஸ்டேஷனுக்கு நடந்தேன். ஆனால் ராத்திரிகளில் மனதுக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான். கஸ்தூரி எனக்குக் கிடைக்கமாட்டாள். அதை நினைத்து நிஜமாகவே அழுதேன்.

அந்த வாரத்தில்தான் அமாவாசையும் வந்தது. எங்கள் ஊர்ப் பெருமாளுக்கு வைத்தியர் என்றே பெயர். அமாவாசைக்கு எங்கெங்கிருந்தோ சனம் வந்து கோயில் குளத்தில் வெல்லத்தைக் கரைப்பார்கள், வெல்லம் கரைவதுபோல வியாதி கரைய வேண்டும் என்று. எந்த உறுப்பில் கோளாறோ அந்த உறுப்பைத் தகட்டில் அடித்து வாசலில் விற்பார்கள். அதை வாங்கி உண்டியலில் போட வேண்டும். "ஊர்ல கீறவங்கள்லாம் இங்க வந்து சொஸ்தமாயிட்டுப் போறாங்க. நீ உள்ளூர்ல இருந்துக்கினு மெட்ராசுக்கு ரத்தம் அனுப்பறே" என்று அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனாள். அவள் வெல்லத்தோடு குளத்துக்குப் போக, நான் தகட்டுக் கடைக்குப் போனேன்.

"இன்னா நைனா, எங்க நோவு?" என்றாள் கடைக்கார அம்மா.

"அதுதாம்மா தெரியல. ரிசல்ட் இன்னும் வரல."

"தெரியாம எத்த எடுத்துக் குடுக்கறது? பெருமாளு இன்னா, ஒன் ஒடம்பு பூரா தேடிக்கினா இருப்பாரு?"

நியாயமான கேள்வி. நானே ஸ்டோரில், இன்ன பாகம் என்று குறிக்காமல் வருகிற சீட்டுகளைத் திருப்பி அனுப்புகிறவன். அந்த ஸ்டோர் கிளார்க் புத்தி அங்கே வேலை செய்தது. சந்தேகம் உள்ள பாகங்களையெல்லாம் தனித்தனியாக வாங்கிவிட்டால் எது கெட்டிருக்கிறதோ அது எப்படியும் அதில் அடங்கிவிடும். ஒரு கால் எடுத்தேன். "இது இடது காலா, வலது காலா?" என்று கேட்டேன். "திருப்பிப் போட்டா எடது காலு" என்றாள். நெஞ்சு எடுத்தேன். வயிறு எடுத்தேன். மூச்சு மூக்கு வழியாகத்தானே போகிறது என்று முகம் ஒன்று. அப்புறம் கை, காது, கண். இவற்றில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. கையிருப்புக்காக எடுத்தேன். எல்லாவற்றையும் துண்டில் பரப்பிக்கொண்டு, "கல்லீரல் இருக்குமா?" என்றேன்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பெருமாளு வாசல்ல நின்னுக்கினு ஈரலு கேக்கறியே. அத்த கறிக்கடைல போயி கேளு."

"மாப்ளே" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

முனிரத்தினம். கையில் ஒரு முழங்கால் தகடு. கும்மிடிப்பூண்டியிலிருந்து முட்டிவலிக்கு வேண்டிக்கொள்ள வந்திருக்கிறார். "கஸ்தூரியும் அவங்கம்மாவும் கொளத்தாண்ட கீறாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் என் துண்டைப் பார்த்தார். பார்வை காலில் தொடங்கி, வயிறு, நெஞ்சு என்று மெதுவாக மேலே ஏறிக் காதில் வந்து நின்றது.

"இதெல்லாம் யாருக்கு மாப்ளே?"

"ஆபீஸ்ல ஒருத்தருக்கு மாமா."

"ஒருத்தருக்கா? எல்லாமேவா? அந்த ஆளு இன்னும் உசுரோட கீறானா?"

"இருக்கார் மாமா. வேலைக்குக்கூட வரார்."

இத்தோடு தப்பித்திருப்பேன். அந்த நேரம் பார்த்து அம்மா ஈரக் கையோடு வந்து சேர்ந்தாள். சம்பந்தியைக் கவனிக்காமல், "தாமு, நெஞ்சு வாங்கினியாடா? ராத்திரி பூரா அத்தத்தானே புடிச்சிக்கினு அழுதுக்கினு இருந்தே" என்றாள். துண்டு நழுவி, நான் பாகம் பாகமாகக் கல்தரையில் கலகலவென்று விழுந்தேன். இடது கால் சறுக்கிக்கொண்டு போய் மாமனார் காலடியில் நின்றது. குளத்துப் பக்கமிருந்து புடவைகள் வருவதுபோலத் தெரிந்ததும், அம்மாவையும் என் உறுப்புகளையும் அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன்.

மறுநாளே முனிரத்தினம் வீட்டுக்கு வந்துவிட்டார். காபி வேண்டாம் என்றார். "எம்பொண்ணு விசயம். மறைச்சிட்டியேன்னுதான் வருத்தம். டாக்டரு சொல்றத எங்காதால கேக்கணும். அதுவரைக்கும் பந்தக்காலு வாணாம்" என்றார். அதில் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாது. என் பெண்ணாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ரிசல்ட் வந்த சாயங்காலம் வேலையிலிருந்து ரயிலிறங்கி, நேராக பெல்பாட்டத்தோடு கிளினிக்குக்குப் போனேன். மாமனார் எனக்கு முன்னாலேயே அங்கே உட்கார்ந்திருந்தார். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ரத்தம் சுத்தம். நெஞ்சு சுத்தம். ஒனக்கு ஒண்ணும் இல்லை" என்றார்.

"அப்ப தொடை?" என்றேன். குரலில் ஏமாற்றம் இருந்திருக்க வேண்டும். டாக்டர் நிமிர்ந்து முதல் முறையாக என் பேண்ட்டைப் பார்த்தார். "படு" என்றார்.

படுக்க முடியவில்லை. அந்தப் பேண்ட்டில் நிற்கலாம், கஷ்டப்பட்டு உட்காரலாம், மல்லாந்து படுக்கிற வசதி அதில் வைக்கப்படவில்லை. "அவுரு" என்றார் டாக்டர். அவிழ்க்கவும் வரவில்லை. கம்பவுண்டர் ஒரு பக்கமும் மாமனார் ஒரு பக்கமுமாக இழுத்தார்கள். பட்டன் தெறித்து ஊசி வைத்திருந்த தட்டில் விழுந்து டிங்கென்றது. பெல்ட் பதிந்த இடத்தில் இடுப்பைச் சுற்றிச் சிவப்பாக ஒரு ரோடு போட்டிருந்தது.

டாக்டர் அந்த ரோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார். "இத எப்போலேருந்து போடறே?"

"நிச்சயம் ஆனதிலேருந்து."

"தொடை எப்போலேருந்து?"

"அதுவும்... நிச்சயம் ஆனதிலேருந்து."

"ஞாயித்துக்கிழமைன்னா என்ன கட்டுவே?"

"லுங்கி" என்றேன். சொல்லும்போதே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். இடுப்பு நரம்பை நசுக்கினால் தொடை மரத்துப் போகும் என்று டாக்டர் விளக்கினார். வயிற்றைக் கட்டிவைத்துவிட்டுச் சோறு போட்டால் அது எங்கே போகும் என்றும் கேட்டார். "மருந்து கிடையாது. டெய்லரை மாத்து. போ" என்றார்.

முனிரத்தினம் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாப்ளே, கோயில்லயே எனக்கு சந்தேகந்தான். அன்னிக்கு நீ ஓடின ஓட்டத்துக்கு வாதம் கீதம்னு சொன்னா எவனாவது நம்புவானா" என்றார். பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தவனை முதுகில் இரண்டு தட்டு தட்டினார். அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் நடந்தது. மேடையில் தலை குனிந்தபடி கஸ்தூரி என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "வேட்டி லூசா கீதா?" என்பது. சைக்கிளைத்தான் செல்வராஜிடமிருந்து மீட்க ஆறு மாசம் போராட வேண்டியிருந்தது. நான் குணமானதை அவன் ஒத்துக்கொள்ளவே இல்லை.

வெகு நாள் கழித்து ஒருநாள் கஸ்தூரியிடம் கேட்டேன். "நிஜமாவே எனக்கு ஏதாவது பெரிய வியாதி இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பே?"

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். "கோயில்ல நீங்க ஓடினப்ப பின்னாடியே வந்தேன். உங்க முதுகுதான் தெரிஞ்சிது. கீழ கெடந்ததெல்லாம் பொறுக்கி அந்தக் கடைக்காரம்மாகிட்ட குடுத்துட்டு, முழு ஆளு தகடு ஒண்ணு வாங்கி உண்டியல்ல போட்டேன். எங்க நைனா கல்யாணம் வாணாம்னு சொல்லிக்கினு இருந்தாரு. நான் அதுக்குள்ள போட்டுட்டேன்."

முழு ஆள் தகடு என்று ஒன்று அந்தக் கடையில் இருந்ததே எனக்குத் தெரியாது. தொண்டை அடைத்துக்கொண்டது. (அதையும் ஒரு அறிகுறியோ என்றுதான் முதலில் பார்த்தேன்.) இன்றைக்கும் நான் முட்டி வலிக்கிறது, காது அடைக்கிறது என்று ஆரம்பித்தால் மருமகளிலிருந்து பேத்தி வரை எல்லோரும் கஸ்தூரியின் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் வேலையை நிறுத்தாமல் சொல்வாள்: "மொத்தமா வாங்கியாச்சு. தனித்தனியா புகாரு சொல்லக் கூடாது."