விளம்பரத்துக்குப் பதில் சொன்ன கதை

இலவசமாகக் கிடைப்பதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்கள் எல்லாம் கஞ்சர்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. என்னைப் பற்றியும் அலுவலகத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். நான் மறுக்கவில்லை. கஞ்சன் என்ற பெயர் எனக்கு வசதியாகவே இருந்தது, ஏனென்றால் உண்மைக் காரணம் அதைவிடக் கேவலமானது. பாட்டுக் கேட்கும் செயலிக்குக் கட்டணம் கட்டாமல் விளம்பரங்களோடு நான் கேட்டுக்கொண்டிருந்ததற்குக் காரணம், விளம்பரத்தில் வரும் பெண்ணோடு நான் பேசிக்கொண்டிருந்ததுதான்.

(ஆமாம், பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். சிரித்து முடித்துவிட்டு மெதுவாக வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்.)

ஐந்து வருடங்களுக்கு முன்பு, முப்பத்தொரு வயதில், கரூரிலிருந்து குன்னூருக்கு ஒரு தேயிலைத் தரகு அலுவலகத்தில் வேலைக்கு வந்தேன். ஏலத்துக்கு வரும் தேயிலை மாதிரிகளுக்கு எண் ஒட்டிப் பட்டியல் போடுவது என் வேலை. தங்கியது குன்னூரை அடுத்த ஜெகதளாவில் ஒரு மாடி அறை. கீழே இருந்த வீட்டுக்காரர்கள் நான் குடிவந்த இரண்டாவது வாரமே, ஊட்டி பெர்ன்ஹில்லில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போனார்கள். போனவர்கள் திரும்பவேயில்லை. வைஃபையை மட்டும் எனக்காக அணைக்காமல் விட்டுப் போயிருந்தார்கள். தங்கமான மனிதர்கள்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மூடுபனி எதிர்வீட்டை விழுங்கியிருக்கும். அதன் பிறகு மறுநாள் காலை வரை நான் வாயைத் திறக்க ஒரு காரணமும் இருக்காது. அடைமழை பெய்த ஒரு வாரக் கடைசியில் வெள்ளிக்கிழமை பால்காரரிடம் பேசியவன், திங்கட்கிழமை அலுவலகத்தில் "வணக்கம்" என்று வாயெடுத்தபோது குரலுக்குப் பதிலாகக் காற்று வந்தது.

மழை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்குப் போன் செய்வேன். அறையிலிருந்து அல்ல. பஸ் ஏறிக் குன்னூர் மார்க்கெட்டுக்குப் போய், காய்கறிக் கடைகளுக்கு நடுவில் நின்று பேசுவேன். பின்னால் நாலு பேர் சத்தம் கேட்டால் அம்மாவுக்கு நிம்மதி. "பரவால்ல கண்ணு, கலகலன்னுதான் இருக்கற" என்பாள். "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு, வேண்டாத முட்டைக்கோஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்புவேன்.

இந்த நிலைமையில்தான் அவள் வந்தாள். இரண்டொரு பாட்டுக்கு ஒருமுறை, ஏதோ ஒரு சப்பாத்தி மாவு விளம்பரம். "என்னங்க, சாப்ட்டீங்களா?" என்று ஆரம்பிப்பாள். இரண்டு நொடி இடைவெளி விடுவாள். பிறகு, "அப்படின்னா கவலையே வேண்டாம்!" என்பாள். அதற்கப்புறம் மாவின் பெருமைகள்.

முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. இரண்டாவது வாரம், "ஆமா, இவ ஒருத்திதான் பாக்கி" என்று முணுமுணுத்தேன். மூன்றாவது வாரம், வெங்காயம் நறுக்கிக்கொண்டே, யோசிக்காமல், "இன்னும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு கதவைத் திரும்பிப் பார்த்தேன், யாராவது கேட்டிருப்பார்களோ என்று. (கேட்பதற்கு யாராவது இருந்திருந்தால் நான் ஏன் அவளிடம் பேசப்போகிறேன்?)

அவளிடம் ஒரு நல்ல குணம், எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்வாள். சாப்பிட்டுவிட்டேன் என்றாலும் கவலை வேண்டாம், சாப்பிடவில்லை என்றாலும் கவலை வேண்டாம். "இன்னிக்கு நம்பர மாத்தி ஒட்டிட்டேன், மேனேஜர் காய்ச்சிட்டாருங்க" என்றால்கூட, "அப்படின்னா கவலையே வேண்டாம்!" அந்த மலையில் எனக்கு வேறு யாரும் அப்படித் தைரியம் சொன்னதில்லை.

நடுவில் செயலிக்காரர்கள், ஒரு மாதம் கட்டணச் சேவையைச் சும்மா தருகிறோம், விளம்பரமே வராது என்றார்கள். ஆசைப்பட்டு அழுத்தினேன். பாட்டு முடிந்தால் பாட்டு, அது முடிந்தால் இன்னொரு பாட்டு. யாரும் எதுவும் கேட்கவில்லை. நான்காம் நாள் சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து சேவையை ரத்து செய்தேன். விளம்பரம் திரும்ப வேண்டும் என்று கட்டணச் சேவையை விட்டவன் இந்தியாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ரத்து செய்தது தெரிந்து, அலுவலகத்தில் பக்கத்து மேஜை செல்வி அக்கா கேட்டார். "ஏனுங் தம்பி, அத அப்படியே வெச்சுக்கிட்டா என்னுங்? விளம்பரத் தொல்ல இல்லீங்களே?"

"காசு எதுக்குங்க்கா வீணா" என்றேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் தலைமை எழுத்தர் சண்முகம் சார் ஓய்வு பெற்றார். குன்னூரில் ஒரு சிறிய மண்டபத்தில் விழா. கோவையிலிருந்து இயக்குநரே வந்திருந்தார். என் ஆறு மாதச் சோதனைக் காலம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. நான் நிரந்தரமா, மூட்டை கட்டுவதா என்று கையெழுத்துப் போடவேண்டியவரும் அவர்தான். அதனால் யாரும் கேட்காமலே எல்லா வேலைகளையும் இழுத்துப் போட்டுக்கொண்டேன். தோரணம் கட்டியவன் நான். வரவேற்புரை நான். இறைவணக்கம் பாடவேண்டிய பெண்ணுக்குத் தொண்டை கட்டிக்கொண்டபோது, "என் போன்ல போட்டுரலாம்" என்று துள்ளியவனும் நானே.

செல்வி அக்கா மட்டும் காதருகே வந்தார். "நடுவால விளம்பரம் கிளம்பரம் வந்துராதுங்களே?"

"அதெல்லாம் வராதுங்க்கா. நான் பாத்துக்கறேன்."

முதலில் கொஞ்சம் புல்லாங்குழல், அதைத் தொடர்ந்து பாட்டு என்று அடுக்கி, போனை மண்டபத்து ஸ்பீக்கரோடு இணைத்தேன். எல்லோரும் எழுந்து நின்று கண்களை மூடிக்கொண்டார்கள். வரவேற்புரைக்காக மைக்கைக் கையில் பிடித்தபடி நானும் மூடிக்கொண்டேன். விடிகாலையிலிருந்து வேலை, வயிற்றில் ஒரு டீ மட்டும். ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்துகொண்டிருந்தது. புல்லாங்குழல் முடிந்தது. கண்ணை மூடிய அந்த இருட்டும் குளிரும் அச்சு அசலாக என் அறை போலவே இருந்தன.

"என்னங்க, சாப்ட்டீங்களா?"

"இன்னும் இல்லைங்க" என்றேன்.

மண்டபம் முழுக்க அது எதிரொலித்தது.

"அப்படின்னா கவலையே வேண்டாம்!"

"நேத்து வெச்ச ரசம் கொஞ்சம் இருக்குதுங்க. போய்ச் சூடு பண்ணோணும்."

இதைச் சொல்லி முடித்த பிறகுதான் கண்ணைத் திறந்தேன். அறுபது ஜோடிக் கண்கள் ஏற்கெனவே திறந்திருந்தன. மாலையும் கழுத்துமாக நின்ற சண்முகம் சார், பக்தி கலையாத முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் தன் பாட்டுக்குச் சப்பாத்தி எவ்வளவு மெத்தென்று வரும் என்று விளக்கிக்கொண்டிருந்தது. போனைப் பாய்ந்து எடுத்தேன். நிறுத்துவதாக நினைத்துக்கொண்டு சத்தத்தைக் கூட்டினேன். யாரோ ஒருவர் முதலில் களுக்கென்று சிரித்தார். அதற்கப்புறம் மண்டபமே இடிந்து விழுந்தது.

மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே சிரிப்பு அடங்கி, மறுபடி கிளம்பி, மறுபடி அடங்கியது. எந்த பஸ்ஸைப் பிடித்தால் மேட்டுப்பாளையம் போய்க் கரூருக்கு வண்டி ஏறலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். செல்வி அக்கா வந்தார். அவர் சிரிக்கவில்லை.

"எத்தன நாளாத் தம்பி?" என்றார்.

"எதுங்க்கா?"

"மொதத் தடவ கேக்கறவன் திருதிருன்னு முழிப்பான். நீங்க ரசம் வரைக்கும் சொல்றீங்க. எத்தன நாளா அவகூடப் பேசீட்டு இருக்கறீங்க?"

பொய் சொல்ல நினைத்தேன். வரவில்லை. "நாலு மாசமாங்க."

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், "இத்தன நாளாப் பக்கத்து மேஜைல உக்காந்துட்டு, நான் ஒரு நாளு கேட்டனா பாருங்க" என்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. (மூடுபனி என்று அவரிடம் சொன்னேன். நம்பவில்லை.)

பந்தியில் என்னை இயக்குநருக்கு நேர் எதிரே உட்கார வைத்துவிட்டார்கள். அவர் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "தம்பிக்கு நல்லா ரசம் ஊத்துங்க. ஊட்டுக்குப் போய்ப் பழசச் சூடு பண்ண வேண்டாம்" என்றார். அந்த வரிசை முழுவதும் இலையை விட்டுவிட்டுச் சிரித்தது. மாதக் கடைசியில் கையெழுத்தையும் போட்டார்.

திங்கட்கிழமை செல்வி அக்கா என் போனை வாங்கினார். அவர்கள் வீட்டில் அதே செயலியின் 'ஃபேமிலி பிளான்' என்ற குடும்பத் திட்டத்துக்குப் பணம் கட்டியிருந்தார்கள். ஆறு பேருக்கு இடம். அக்கா, அவர் கணவர் மணி அண்ணன், இரண்டு பெண்கள், மாமியார். ஆறாவது இடம் காலி. அதில் என் பெயரைப் போட்டார். எல்லோரும் ஒரே முகவரியில் வசிப்பவர்களா என்று செயலி கேட்டது. அக்கா யோசிக்காமல் ஆமாம் என்று அழுத்தினார்.

"பொய்யாச்சுங்களே அக்கா?"

"ஞாயித்துக்கெழம மத்தியானம் வந்து சாப்புட்டுப் போங்க. பாதியாச்சும் நெசமாயிரும்."

போனேன். அடுத்த வாரமும் போனேன். முட்டைக்கோஸ் வாங்கும் பழக்கம் நின்றது.

என் ஜாகை இன்றும் அதே அறைதான். சாயங்காலங்கள் அப்படியொன்றும் மாறிவிடவில்லை. விளம்பரம் வருவதில்லை. சில நாட்களில், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில், காது தானாக ஒரு நொடி காத்திருக்கிறது. ஒருமுறை பஸ்ஸில் யாருடைய போனிலோ அவள் குரல் கேட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.

போன தை மாதம் செல்வி அக்காவின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். என்னைக் கேட்காமல் பத்திரிகையில் உறவினர்கள் வரிசையில் என் பெயரை அச்சடித்திருந்தார்கள். மணி அண்ணனின் பெரியப்பா ஒருவர், எண்பது வயதுக்காரர், காது கொஞ்சம் மந்தம், பல்லடத்திலிருந்து வந்திருந்தார். பத்திரிகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சத்தமாகக் கேட்டார்.

"இவரு நமக்கு எந்த வழில சொந்தமுங்?"

மணி அண்ணன் அவர் காதில் கத்தினார். "ஃபேமிலி பிளான்ல வந்தவருங் பெரீப்பா!"

பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஃபேமிலி பிளான்ங்கறது ஆளு வராம இருக்கறதுக்குத்தானுங்க? அப்பறம் இவரு எப்படி வந்தாரு?"

எங்கள் வீட்டில் யாருக்கும் இதுவரை பதில் தெரியவில்லை.