மடிப்பு மன்னன் மேடையேறிய மதியம்

மடிப்பு மன்னன் வெள்ளை விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து, தலையை லேசாகச் சாய்த்தான். அத்தோடு படம் நின்றுவிட்டது.

"போச்சு," என்றார் லாண்டரிக்காரர். "மூணாவது தடவை."

மடிப்பு மன்னன் என்பது துணி மடிக்கும் ரோபோ. எங்கோ ஒரு தொழில்நுட்பக் கண்காட்சியில் அன்றுதான் முதல் முறையாக மேடையேறியிருந்தது. நிறுவனம் வைத்த பெயரில் எழுத்துகளைவிட எண்கள் அதிகம் என்பதால், லாண்டரிக்காரரே இப்படி ஒரு பெயர் சூட்டிவிட்டார். இரண்டு வருடமாக அதைப் பற்றிப் பேசிப் பேசியே பக்கத்துத் தையல்கடை அக்காவையும், சலவை மெஷின் ரிப்பேருக்கு வந்த மெக்கானிக்கையும் ரசிகர்களாக மாற்றியிருந்தார். நேரலை பார்க்க மூவரும் இரண்டு மணிக்கே கடை டிவி முன்னால் இடம்பிடித்துவிட்டார்கள்.

மசியாத ஒரே ஆள் அவர் மனைவி. பதினோரு வருடமாக அந்தக் கடையில் துணி மடிப்பவர் அவர்தான்.

"நூத்தி இருபது விரிப்பு. அதுல முப்பதுதான் மடிச்சிருக்கு. அஞ்சு மணிக்கு ஓட்டல் வண்டி வந்துடும். இன்னொரு தடவை லேட்டானா வேற கடை பார்த்துக்கறோம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. ஞாபகம் இருக்கா, இல்லையா?"

"இரும்மா. அவன் எப்படி மடிக்கிறான்னு பார்த்துட்டா, நாமளும் அதே மாதிரி சட்டுசட்டுன்னு முடிச்சிடலாம்."

மனைவி ஒரு விரிப்பை எடுத்து உதறினார். அந்த உதறலிலேயே பதில் இருந்தது.

முதல் இரண்டு தடவையும் நின்ற படம் ஒரு நிமிடத்தில் தானாக நகர்ந்தது. இந்தத் தடவை ஐந்து நிமிடமாகியும் அசைவில்லை. சத்தமும் போய்விட்டது.

"மோடத்தை அணைச்சுப் போடுங்கண்ணே," என்றார் மெக்கானிக்.

அணைத்துப் போட்டார்கள். அதே விரிப்பு, அதே சாய்ந்த தலை.

"நாலு மெஷினும் ஒண்ணா ஓடுதுல்ல, அதான் இழுக்குது," என்றார் மறுபடி மெக்கானிக்.

எது எதை இழுக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நான்கு மெஷின்களையும் நிறுத்தினார்கள். உள்ளே தண்ணீரும் துணியுமாகக் கதவுகள் பூட்டிக்கொண்டன. டிவியில் மாற்றமில்லை.

"உயரத்துல வச்சா சிக்னல் நல்லா வரும். எங்க வீட்டுல பீரோ மேலதான் வச்சிருக்கோம்," என்றார் தையல்கடை அக்கா.

கடையில் உயரமான இடம் என்றால், மேஜைமேல் மடித்து அடுக்கியிருந்த முப்பது விரிப்புகள்தான். லாண்டரிக்காரர் முக்காலியில் ஏறி, மோடத்தை அடுக்கின் உச்சியில் பக்குவமாக வைத்தார். அடுக்கு ஒரு கணம் யோசித்தது. பிறகு மொத்தமாகச் சரிந்தது. மோடத்தைப் பிடிக்கப் பாய்ந்த மெக்கானிக்கின் காலில் கம்பி சிக்கிப் பிடுங்கிக்கொண்டது. டிவி கறுத்துப்போனது.

"இப்ப நூத்தி இருபதும் மடிக்கணும்," என்றார் மனைவி. குரலை உயர்த்தவில்லை. லாண்டரிக்காரர் அவசரமாகப் போனைத் தேடினார்.

இணைய அலுவலகத்துக்குப் போன் போட்டார். பக்கத்துத் தெருவில் ஆள் இருக்கிறார், அரைமணியில் வந்துவிடுவார் என்றார்கள். மூன்று ரசிகர்களும் கறுத்த டிவியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

மனைவி ஒரு விரிப்பின் முனையை மெக்கானிக் கையில் திணித்தார். "சும்மாதானே இருக்கீங்க. இதைப் பிடிங்க."

அவர் பிடித்தார். தையல்கடை அக்கா தானாகவே எழுந்து இன்னொன்றை எடுத்தார். லாண்டரிக்காரர் அக்காவுக்கு எதிரே நின்றார்.

"முனையை இழுத்துப் பிடிங்க. இன்னும் கொஞ்சம். ஆங், இப்ப என்கிட்ட வாங்க," என்று மனைவி சொல்லச் சொல்ல, விரிப்புகள் இரண்டாகி, நான்காகி, எட்டாகின. முதல் பத்து, போருக்குப் போய்வந்தவை மாதிரி இருந்தன. மனைவி அவற்றைப் பிரித்து மறுபடி மடிக்க வைத்தார். அதன் பிறகு கைகள் பழகிவிட்டன. மெக்கானிக், மாமியாரிடம் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். அக்கா சிரித்த சிரிப்பில் ஒரு விரிப்பு கைநழுவி விழுந்தது. அரைமணி என்றவர் ஒன்றரை மணி நேரமாகியும் வராததை யாரும் கவனிக்கவில்லை.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசி விரிப்பு அடுக்கில் ஏறியது.

"நீங்க இவ்வளவு அழகா மடிப்பீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க," என்றார் மனைவி. லாண்டரிக்காரருக்குக் காதுவரை சூடேறியது. டிவியை அவர் மறந்தே போயிருந்தார்.

அப்போதுதான் இணைய ஊழியர் பையோடு வந்து நின்றார். "வழியில ஒரு வேலை இழுத்துடுச்சு சார்," என்றபடி குனிந்து, கம்பியைச் செருகினார். டிவி ஒளிர்ந்தது. அதே விரிப்பு, அதே சாய்ந்த தலை.

"பார்த்தீங்களா? மதியத்துலேருந்து இதேதான். உங்க லைன் இவ்வளவு மோசமா?" என்றார் லாண்டரிக்காரர்.

ஊழியர் தன் போனில் அதே நேரலையைத் திறந்தார். டிவியையும் போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"லைன் நல்லாத்தான் இருக்கு சார், வீடியோவும் ஓடிக்கிட்டுதான் இருக்கு, சத்தத்தை மட்டும் அவங்களே நிறுத்தி வச்சிருக்காங்க. மேடையில அந்த ரோபோதான் அப்படியே நின்னுபோச்சு. அதோ, அதோட இடுப்புக்குப் பின்னால ஸ்க்ரூ டிரைவரோட ஒரு கை தெரியுது பாருங்க."