அற்புதசாமி கேட்ட மன்னிப்பு

பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் மன்னிப்புக் கேட்டு எழுதிய அரை மணி நேரத்தில், அற்புதசாமி சாருக்கு முசிறியிலிருந்து பிரான்சி போன் செய்துவிட்டாள்.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க! யாரோ அதை எங்க மாமியாருக்கு அனுப்பிட்டாங்க. கிளாஸை விட்டு உன்னைத் துரத்துனாங்களாமேன்னு கேக்குறாங்க."

"தப்பு என் மேலதாம்மா..."

"நீங்க துரத்துனதா எனக்கு ஞாபகமே இல்ல சார்!"

எவ்வளவு பெருந்தன்மை! சாருக்கு உறுத்தல் இன்னும் கூடியது.

திருச்சியில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழி சொல்லிக்கொடுப்பவர் அவர். புரோகிராமில் ஒரு வேலையைச் செய்யும் ஃபங்ஷனுக்கு ஒரு எண்ணைக் கொடுத்தால் நகல் போகும், பல விவரங்களைச் சேர்த்துவைத்த ஆப்ஜெக்டைக் கொடுத்தால் அசலே போகும் என்பது அவருடைய பாடம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பெண் மறுத்தாள்.

"ஆப்ஜெக்ட் ஒரு வீடுன்னா, அசல் வீடு போகல சார், அதோட விலாசம்தான் போகுது. அதுவும் சீட்டுல எழுதின நகல். அதை வச்சுப் போய் வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம். ஆனா அந்தச் சீட்டுல வேற விலாசம் எழுதினா, நம்ம கையில இருக்கற சீட்டு மாறாது."

"எனக்கே பாடமா? வெளிய நில்லு!"

போன வாரம் எதற்கோ நாலு வரி புரோகிராம் எழுதிப் பார்த்தார். அவள் சொன்னதுதான் சரி. அன்றிரவு முழுக்க அந்தப் பெண் யாரென்று யோசித்தார். வகுப்பில் வாயாடி என்றால் பிரான்சிதான். வேறு யார் அப்படிப் பேசியிருப்பார்கள்?

சமாளிக்க மறுபடி குழுவில் எழுதினார்: 'பிரான்சியை ஒரு நாள்தான் வெளியே நிறுத்தினேன். மார்க்கும் ஐந்துதான் குறைத்தேன்.'

மார்க் குறைந்த கதையும் மாமியாருக்குப் போயிற்று.

நேரிலேயே போய்விடுவது என்று கிளம்பினார். பிரான்சியின் பக்கத்தில் உட்கார்ந்து படித்த விஜயராணி, ஸ்ரீரங்கத்தில் தையல் கடை வைத்திருப்பவள், தானாகவே காரோடு வந்து நின்றாள்.

"நான் கூட்டிட்டுப் போறேன் சார்."

முசிறியில் மாமியாரிடம் ஸ்வீட் பாக்ஸையும், பிரான்சி சொன்னதே சரி என்று கையெழுத்துப் போட்ட கடிதத்தையும் நீட்டினார் சார். அந்த அம்மாள் இரண்டு முறை படித்தார்.

"ஆக, பெரியவங்களை எதிர்த்துப் பேசுற வழக்கம் அப்பவே இருந்திருக்கு!"

பிரான்சி சாரைப் பார்த்த பார்வையில், அவர் காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

திரும்பும் வழியெல்லாம் காவிரியையே பார்த்துக்கொண்டு வந்தார். குணசீலம் தாண்டியதும் விஜயராணி பக்கம் திரும்பினார்.

"ஒரு பொண்ணோட படிப்பு ஆசையையே கெடுத்துட்டேன் விஜயராணி. அவ என்னை மன்னிக்கவே மாட்டா, இல்லையா?"

விஜயராணி சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவ எதை சார் மன்னிப்பா? அன்னைக்கு வெளிய நின்னது நான்."