பத்து பதினேழுக்கு ஆடும் தொட்டில்

எண்பத்து நாலாம் வருஷம் பிரிக்பீல்ட்ஸில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. கோயில் திருவிழாவா என்றால் இல்லை. சேலைக்கடையில் மலிவு விற்பனையா என்றால் அதுவும் இல்லை. ரயில் பாதையை ஒட்டிய ஒரு பலகை வீட்டில் தொட்டில் சாமி எழுந்தருளியிருந்தார். கிள்ளானிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள், அம்பாங்கிலிருந்து டாக்ஸி பிடித்து வந்தார்கள். எல்லாரும் ஜோடி ஜோடியாக வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே குறை, பிள்ளை இல்லை.

சாமியிடம் மருந்து கிடையாது. மந்திரம்கூட அதிகம் கிடையாது. கூடத்தின் உத்தரத்திலிருந்து ஒரு ஸ்பிரிங் தொட்டில் தொங்கும், அவ்வளவுதான். பாசார் மாலாம் என்கிற ராத்திரிச் சந்தையில் விற்கிற அதே ஸ்பிரிங், அதே துணி, மேலே கொஞ்சம் சந்தனம். சாமி குறித்துக் கொடுத்த நேரத்தில் தம்பதி அதன் முன்னால் போய் உட்கார வேண்டும். மேளமும் சங்கும் காதைப் பிளக்கும். யார் கையும் படாமல் தொட்டில் தானாக ஆடினால் பிள்ளை உண்டு. ஆடாவிட்டால் பெண்ணுக்குத் தோஷம், பரிகாரப் பூஜைக்குத் தனிக் கட்டணம். ஆணுக்குத் தோஷம் என்று அந்தத் தொட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. தொட்டிலுக்கும் ஆம்பளை என்றால் ஒரு மரியாதைதான்.

சீதாலெட்சுமிக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம். வளைகாப்பு வீடுகளில் அவளைப் பின்வரிசைக்கு நகர்த்தி நகர்த்தி, இப்போதெல்லாம் அவளே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துகொள்வாள். அவளுக்குப் பிள்ளை வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவளைச் சோதித்துவிட்டு, உன்னிடம் ஒரு குறையும் இல்லை, ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை உன் வீட்டுக்காரரைக் கூட்டி வா என்று சொல்லியிருந்தார்.

வீட்டுக்காரர் வேலாயுதம் கூட்ஸ் வண்டி கார்டு. துறைமுகத்துக்குப் போகும் சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியுமாக நிற்பவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருக்கு லீவு, அன்று வேறு கார்டு போவார். நாற்பது வேகனை நடத்துகிற மனுஷனுக்கு டாக்டர் தரும் ஒரு சின்னப் புட்டியைக் கண்டால் பயம். ஆம்பளைக்கு எதுக்கு டெஸ்ட் என்று கேட்டுவிட்டு, அவளைச் சாமியிடம் கூட்டிக்கொண்டு போனார்.

முதல் தடவை பதினொன்றரைக்கு நேரம் குறித்தார்கள். தொட்டில் அசையவில்லை. சீதாலெட்சுமிக்குத் தோஷமாம். பரிகாரம் முடிந்து இரண்டாம் தடவை பத்து பதினேழுக்கு உட்கார்ந்தார்கள். தொட்டில் குதித்துக் குதித்து ஆடியது. வேலாயுதம் கண்ணில் தண்ணீர் வழியக் கும்பிட்டார். சீதாலெட்சுமியும் கும்பிட்டாள். ஆனால் தொட்டில் ஆடுவதற்குக் கொஞ்சம் முன்னால் குத்துவிளக்கின் தட்டு கிடுகிடுவென்று நடுங்கியதை அவள் பார்த்துவிட்டாள்.

இந்த நடுக்கம் அவளுக்குப் பழக்கமானது. ரயில்வே குவார்ட்டர்ஸில் அவள் சமையலறை அலமாரிக் கண்ணாடி ஜாடிகள் தினமும் பத்தேகாலுக்கு இப்படித்தான் கிலுகிலுக்கும். புருஷன் வண்டி போகிறது, உலை வைக்க நேரமாச்சு என்று அர்த்தம். ஆள் ஏற்றும் ரயிலுக்கு ஜாடி அசையாது, பாரம் ஏற்றிய கூட்ஸுக்குத்தான் அசையும். பிரிக்பீல்ட்ஸில் குடியிருப்பவர்களுக்கு ரயில் சத்தம் காதில் ஏறுவதே இல்லை. வெளியூர்க்காரர்களின் காதை மேளம் பார்த்துக்கொண்டது.

மூன்றாம் பூஜை ஜூலை முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அதே பத்து பதினேழு. அன்று காப்புக் கட்டிக்கொண்டால் நாற்பத்தெட்டு நாள் ஆஸ்பத்திரிப் படி மிதிக்கக் கூடாது, மிதித்தால் தொட்டில் ஜென்மத்துக்கும் ஆடாது என்று சாமி சொல்லிவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது வேலாயுதம் அலுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை முதல் புது டைம்டேபிளாம், அவருடைய வண்டி பிரிக்பீல்ட்ஸைப் பத்து நாற்பதுக்குத்தான் கடக்குமாம். சீதாலெட்சுமி ரசத்தை ஊற்றிக்கொண்டே பேச்சைத் தொடங்கினாள்.

"ஞாயித்துக்கிழமை தொட்டில் பத்து பதினேழுக்கு ஆடுச்சுன்னா, நான் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவச்சும் படுக்க மாட்டேன். ஆடலைன்னா செவ்வாய்க்கிழமை நீங்க என்னோட வரணும். டாக்டரம்மா சொன்ன டெஸ்ட்ட எடுக்கணும்."

"ஆடும் லா," என்றார் வேலாயுதம். தலையில் அடித்துச் சத்தியமும் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சங்கு ஊதியது. பத்து பதினேழு ஆனது. தொட்டில் சும்மா கிடந்தது. பத்து இருபதுக்குச் சாமி மேளத்தை இன்னும் ஓங்கி அடிக்கச் சொன்னார். பத்து இருபத்தைந்துக்கு அவர் நெற்றி விபூதி வியர்வையில் கரைந்தது. கடைசியில் சீதாலெட்சுமியைக் காட்டி, இவள் மனசில் ஆஸ்பத்திரி இருக்கிறது, அதனால்தான் அம்மன் வரவில்லை என்றார். கூட்டம் அவளைத் திரும்பிப் பார்த்து முறைத்தது.

அவளுக்கு முகம் சுட்டது. ஆனாலும் எழுந்து நின்றாள். பத்து நாற்பதுக்கு நான் ஆட்டிக் காட்டுகிறேன், அதுவரை யாரும் போக வேண்டாம் என்றாள். சாமி பூஜையை முடித்துவிடப் பார்த்தார். பிரசாதம் வராமல் கூட்டம் நகருமா?

பத்து நாற்பதுக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது மேளத்தை நிறுத்தச் சொன்னாள். கைப்பையைத் திறந்து வேலாயுதத்தின் பச்சைக் கொடியை எடுத்தாள். நிதானமாக ஆட்டினாள்.

விளக்குத் தட்டு கிடுகிடுத்தது. தொட்டில் குதித்தது. மேளம் இல்லாத அமைதியில், வீட்டுக்குப் பின்னாலிருந்து கடகடவென்று சத்தம் எழுந்து கூடமே அதிர்ந்தது.

"அடக் கடவுளே," என்றார் வேலாயுதம், "இது என் வண்டி."

கிள்ளானிலிருந்து வந்த ஒரு பெண் ஓடிவந்து சீதாலெட்சுமியின் காலில் விழுந்தாள். "அக்கா, எங்களுக்கும் ஒருதரம் கொடி காட்டுங்க." நம் ஜனங்களுக்கு விழுவதற்கு ஒரு கால் கிடைத்தால் போதும், யார் கால் என்பதெல்லாம் அப்புறம்தான்.

"எந்திரிங்க தங்கச்சி," என்றாள் சீதாலெட்சுமி. "நான் ஆட்டலை. கூட்ஸ் வண்டி ஆட்டுச்சு. பின்வாசலத் திறந்து பாருங்க."

பின்வாசலை முதலில் திறந்தவர் சாமிதான். ஓடுவதற்காகத் திறந்தார். பாவம், தண்டவாளத்தைத் தாண்டித்தான் ஓட வேண்டும். அவருக்குப் பிழைப்புக் கொடுத்த வண்டியே குறுக்கே போய்க்கொண்டிருந்தது, அவசரமே இல்லாமல், நாற்பது வேகனும். பன்னிரண்டாவது வேகன் போகும்போதே கூட்டம் அவரைப் பிடித்துவிட்டது. காவி வேட்டிக்குள் ஒரு நோட்டு அகப்பட்டது. எந்தக் கூட்ஸ் எத்தனை மணிக்கு என்று மூன்று மாதம் உட்கார்ந்து குறித்திருந்தார் மனுஷன். அந்த உழைப்புக்கு ரயில்வேயிலேயே வேலை கொடுத்திருப்பார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது வேலாயுதம் பேயறைந்தவர் மாதிரி வந்தார். சீதாலெட்சுமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இத்தனை நாளா ஊரார் தொட்டிலையெல்லாம் நீங்கதான் ஆட்டியிருக்கீங்க. நம்ம தொட்டிலுக்கு மட்டும் டாக்டரம்மாகிட்ட வரமாட்டேங்கிறீங்களே."

செவ்வாய்க்கிழமை காலை பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில், தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு வேலாயுதம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்திலும் எதிரிலும் அதே மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டு ஆறேழு ஆண்கள். எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பார்த்த முகங்கள். டெஸ்ட் முடிந்தது. குறை அவரிடம்தான், மருந்தில் சரிப்படுத்தலாம், ஐந்து வருஷம் முன்பே வந்திருக்கலாமே என்றார் டாக்டரம்மா. சீதாலெட்சுமி பத்து வருஷத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்து, புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தொட்டில் சாமி இப்போது சுபாங் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு தேடுகிறாராம். போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். கும்பிடுவதற்கு முன்னால் ஒருதரம் அண்ணாந்து மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.