மதி மேடையேறாமல் இருப்பது நல்லது, மாமா

வடக்குப்பட்டு,
சனிக்கிழமை.

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

இயேசுவின் நாமத்தில் மருமகன் சாம்சன் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் ஜாஸ்மினும் குழந்தை மதிவதனியும் கர்த்தருடைய கிருபையால் சுகம். அங்கே வாலாஜாபாத்தில் தாங்களும் அத்தையும் சபையாரும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். சுகம் என்று எழுதியாயிற்று. இனி உண்மையை எழுதுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் உடனே பதில் சொல்லிவிடுவீர்கள். அதற்குப் பயந்துதான் கடிதம். அடுத்த மாதம் சிறுவர் ஞாயிறன்று உங்கள் சபை மேடையில் மதி வசனம் சொல்வாள் என்று அறிவித்திருக்கிறீர்கள். சபை மூப்பரான உங்கள் பேத்தி, எனவே முதல் பெயர். தயவுசெய்து அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள். காரணம் கேட்காமல் எடுப்பீர்கள் என்றால் இந்தக் கடிதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். கேட்பீர்கள். எனவே தொடர்கிறேன்.

மதி எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள் என்று நீங்கள் விசாரித்தபோது, "பக்கத்துலதான் மாமா, நல்ல ஸ்கூல்" என்றேன். பக்கத்தில் என்பது உண்மை. நல்ல ஸ்கூல் என்பதும் உண்மை. அதைப் பிள்ளையார் கோயில் அறக்கட்டளை நடத்துகிறது என்பதைச் சொல்லாமல் விட்டேன். ஜாஸ்மினின் கம்பெனி பஸ் விடிந்ததும் வந்துவிடுகிறது. எனக்கும் ஒரகடம் தொழிற்சாலையில் அதே ஷிப்ட். நம் சபையின் மழலையர் பள்ளி ஒன்பது மணிக்குத்தான் கதவைத் திறக்கிறது. கோயில்காரர்கள் மட்டும்தான் ஷிப்ட் பார்த்துத் திறக்கிறார்கள். வேறு வழியில்லை என்று எழுத நினைத்தேன். வேறு வழி ஒன்று இருக்கிறது, அது நீங்கள். "புள்ளைய இங்க அனுப்பிடுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று மதி பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அன்பால்தான் சொல்கிறீர்கள். அதைக் கேட்டாலே நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பாவாக இருப்பேன். மற்ற நாட்களில் வெறும் சாம்சன். அவ்வளவுதான் மாமா என் பயம். மீதியெல்லாம் அதன் கிளைகள்.

சேர்க்கப் போன அன்றே டீச்சர் அம்சவல்லியிடம் கேட்டேன். நாங்கள் கிறிஸ்தவர்கள், குழந்தைக்குச் சாமி விஷயம் எதுவும்... முடிக்கவில்லை. "இன்னா சார் நீங்க. இதுங்களுக்கு மொதல்ல மூக்கு சிந்த கத்துக் குடுக்கணும். சாமிகிட்ட போறதுக்கு இன்னும் எவ்ளோ நாள் கீது" என்றார். நிம்மதியாகத் திரும்பினேன். அந்த நிம்மதி நீடிக்கவில்லை. ஒரு சாயங்காலம் இட்லித் தட்டுக்கு முன்னால் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தொப் தொப் என்று சத்தம். திறந்து பார்த்தால் மதி இரண்டு காதையும் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு பாதி கீழே இருக்கிறாள். தோப்புக்கரணம். எழுந்து, "ஆமென்" என்றாள். பிறகு இட்லி சாப்பிட்டாள். ஜாஸ்மின் சிரித்தாள். எனக்கு இட்லி இறங்கவில்லை.

அதன் பிறகு எதற்கு முன்னாலும் தோப்புக்கரணம். பால் குடிக்கும் முன். செருப்புப் போடும் முன். வீடியோ காலில் அத்தை முகம் தெரிந்ததும் மரியாதைக்காக ஒன்று போட்டாள். அத்தை பதறி, "இன்னாத்துக்கும்மா புள்ள தோப்புக்கரணம் போடுது?" என்று கேட்க, நான் குறுக்கே விழுந்து, "சேட்டை பண்ணுச்சு அத்தை, அதான் பனிஷ்மெண்ட்" என்று சொல்லிவிட்டேன். அந்த நேரத்துக்கு அதைவிட நல்ல பொய் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அத்தை தினமும் ஜாஸ்மினைக் கூப்பிட்டு, "பச்ச புள்ளடி அது. பேசி புரிய வெய்யி. உன்னெ நான் இப்டியா வளத்தேன்?" என்று அழுகிறார்களாம். செய்யாத கொடுமைக்குத் திட்டு வாங்கும் ஜாஸ்மின் என்னோடு பேசுவதில்லை. மதிதான் இருவருக்கும் நடுவில் செய்தி கொண்டுபோகிறாள். ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் ஒரு தோப்புக்கரணம்.

நிறுத்தப் பார்த்தேன். காதைப் பிடிக்க முடியாதபடி இரண்டு கையிலும் பிஸ்கட் கொடுத்தேன். பிஸ்கட்டோடு காதைப் பிடித்தாள். முழங்காலில் நின்று ஜெபிக்கச் சொன்னேன். முழங்காலில் நின்றபடியே ஏறி இறங்கினாள். எங்கள் லைன் சூப்பர்வைசர் ரகுபதி அண்ணனிடம் மெல்லச் சொன்னேன். "வுடுப்பா, முட்டிக்கு நல்லது" என்றார். முட்டியைப் பற்றிக் கவலைப்படும் நிலையில் நான் இல்லை. போன ஞாயிறு இங்கே சபையில், எல்லோரும் தலை குனிந்திருந்த நேரம், மதி ஆரம்பித்தாள். அவளைப் பார்த்துப் பக்கத்துப் பிள்ளை. அதைப் பார்த்து அடுத்தது. பிரஸ் ஷாப்பில் தகடு அழுத்தும் மிஷின் ஏறி இறங்குவது போலச் சிறுவர் வரிசை முழுவதும் ஏறி இறங்கியது. போதகர் ஒரு கண்ணைத் திறந்தார். மூடிக்கொண்டார். அன்று ஜெபம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடிந்தது.

மறுநாள் டீச்சரிடம் போனேன். கோபமாகப் பேச வேண்டும் என்று வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். வாயைத் திறப்பதற்குள், "நானே உங்களுக்கு போன் பண்ணணும்னு இருந்தேன் சார்" என்றார் அம்சவல்லி. தோப்புக்கரணத்தை அவர்கள் சொல்லிக்கொடுக்கவே இல்லையாம். "ஜன்னலாண்ட நின்னுக்கினு கோயிலுக்கு வர்றவங்கள பாத்து அதுவா கத்துக்கினுது. டூட்டிக்குப் போறவங்க பூரா போட்டுக்கினுதான போறாங்க. எங்க புள்ளைங்களுக்கே உங்க பொண்ணுதான் சார் கத்துக் குடுத்துது. அத வுடுங்க. இப்ப எனக்குதான் பிரச்சன."

பிரச்சினை இதுதான். சாப்பாட்டுக்கு முன்னால் மதி கண்ணை மூடி ஜெபிக்கிறாளாம். அவளைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் மூடுகிறார்களாம். சோறு வைத்ததும் மொத்த வகுப்பும் ஒரே குரலில் ஆமென். "சத்தம்னா சத்தம் சார். கோயில் வரைக்கும் கேக்குது." அறக்கட்டளைத் தலைவர் முனிரத்தினம் வந்து, இது என்ன என்று கேட்டிருக்கிறார். "இங்கிலீஷ் ரைம்ஸ்னு சொல்லி வெச்சிக்கீறேன். உங்கள கேட்டாலும் அதையே சொல்லிடுங்க சார். இல்லன்னா என் வேல போயிடும்" என்றார் அம்சவல்லி. சரி என்றேன். அந்தப் பொய்யை இருவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டோம். மூன்றரை வயதுப் பிள்ளைக்குப் பயந்த இரண்டு பெரியவர்கள். உள்ளே அவள் மூக்கு சிந்தக் கற்றுக்கொண்டிருந்தாள்.

ஆக, முனிரத்தினம் கண்டுபிடித்தால் மதியை நிறுத்திவிடுவார். நீங்கள் கண்டுபிடித்தால் நீங்களே நிறுத்திவிடுவீர்கள். எப்படிப் பார்த்தாலும் துணிமணி கட்டி வாலாஜாபாத் பஸ். அதனால்தான் மாமா, அந்த மேடை வேண்டாம். மைக்குக்கு முன்னால், முழுச் சபையின் முன்னால், வெள்ளைக் கவுனில் அவள் காதைப் பிடிப்பது எனக்கு இப்போதே தெரிகிறது. கண்ணை மூடினால் தெரிகிறது. அதனால் ஜெபிக்கவும் முடியவில்லை. அவளுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடுங்கள். அல்லது எனக்கு. நீங்கள் கண்டுபிடிக்கக்கூடாத எல்லாவற்றையும் உங்களுக்கே எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பது இந்த வரியில்தான் உறைக்கிறது. மேலே உள்ளதைப் படிக்காதது போல் இருந்துவிட முடியுமா என்று பாருங்கள். கிழித்துவிட்டு மறுபடி எழுதலாம்தான். மறுபடி எழுதத் தைரியம் வராது.

அத்தைக்கு என் ஸ்தோத்திரம் சொல்லுங்கள். சபையார் அனைவருக்கும் என் அன்பு. ஜெபத்தில் எங்களைத் தாங்குங்கள்; எதற்காக என்று மட்டும் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
சாம்சன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மதி சாப்பிட உட்கார்ந்தாள். தட்டைப் பார்த்தாள். கை காதுக்குப் போனது. பாதியில் நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். கையை இறக்கிக்கொண்டாள். கண்ணையும் மூடவில்லை. பேசாமல் சோற்றை அள்ளினாள்.

"இன்னா மதி, ஜெபம் பண்ணல?" என்றேன்.

"பண்ணா நீ பயப்படுறியேப்பா" என்றாள்.

மாமா, பெயரை எடுக்க வேண்டாம். அவள் மேடையேறட்டும். காதைப் பிடித்தால் பிடிக்கட்டும். முதல் வரிசையில் எழுந்து நின்று நானும் பிடித்துக்கொள்வதாக அவளிடம் சொல்லிவிட்டேன். உடனே ஒத்திகை வேண்டும் என்றாள். பார்த்தாயிற்று. நீங்கள் அன்றே பிள்ளையை விட்டுவிட்டுப் போ என்பீர்கள். விட மாட்டேன். இந்த வரி கோணலாக வந்திருக்கிறது. ஆனாலும் அப்படித்தான் வாசிக்க வேண்டும்: விட மாட்டேன்.