டைவோவுக்கும் ஒரு நாற்காலி

இசேயின்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்

மதிப்பிற்குரிய அண்ணன் அல்ஃபா ஜிமோ அவர்களுக்கு, தங்கை முயினத் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உங்கள் மைத்துனர் எசேக்கியேலும் நலம். இலோரினில் அண்ணியும் பிள்ளைகளும் உங்கள் மதரஸா மாணவர்களும் நலமாக இருக்க அல்லாஹ் அருள்வானாக. தன்னுடைய கர்த்தரும் அதையே செய்வார் என்று சேர்த்து எழுதச் சொல்லி மைத்துனர் பக்கத்தில் உட்கார்ந்து தொந்தரவு செய்கிறார்.

அடுத்த வாரம் சனிக்கிழமை என் மகள் கெஹிந்தேயின் கல்யாணம். அதில் டைவோவும் முன்வரிசையில் உட்காருவாள். நீங்கள் கோபப்படுவதானால் இந்த வரியிலேயே கோபப்பட்டு முடித்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

என் இரட்டைப் பெண்களில் டைவோ தவழும் வயதில் மணல்வாரி கண்டு இறந்துபோனபோது கெஹிந்தேயும் சாப்பாட்டைத் தொடாமல் கிடந்தது உங்களுக்குத் தெரியும். குறி சொல்லும் பாபலாவோ வந்து, "போனவளுக்கு ஒரு உடம்பு செஞ்சு குடு, இல்லேன்னா இவளையும் கூப்பிட்டுக்குவா" என்றார். நம் ஊர்ப் பழைய வழக்கப்படி அவளை ஒரு சாண் உயரத்தில் மரத்தில் செதுக்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து கெஹிந்தேயைக் குளிப்பாட்டினால் அவளையும் குளிப்பாட்டுவேன், இவளுக்குச் சட்டை தைத்தால் அவளுக்கும் ஒன்று. ஐந்து வேளைத் தொழுகையில் குறை வைத்ததில்லை, நோன்பும் விட்டதில்லை. நான் அதை வணங்கவில்லை அண்ணா, வளர்க்கிறேன்.

வம்பு தையல்கடையில் ஆரம்பித்தது. கல்யாணத்துக்கு நம் பக்கத்தார் எல்லோரும் ஒரே நீலத் துணி என்று பேச்சு. டைவோவுக்கும் சட்டையும் தலைக்கட்டும் தைக்கக் கொடுத்திருந்தேன். மாப்பிள்ளை டாரேயின் அம்மா யூனிஸ் அளவு கொடுக்க வந்த நேரத்தில், தையல்காரர் லாசிசி சும்மா இருக்காமல், "இது பொண்ணோட ரெட்டைக்கு" என்று தூக்கிக் காட்டிவிட்டார். சம்பந்தியம்மாள் நெருப்புத் தூண் சபையில் பெண்கள் ஐக்கியத் தலைவி. நடுத்தெருவில் நின்றுகொண்டு, "பேய்க்குச் சட்டை தைக்கிற வீட்டுலயா என் மவன் பொண்ணு எடுக்கணும்?" என்று கத்தினாள். "ராத்திரி பூரா கத்துறது உங்க சபை. என் மக ஒரு நாள்கூட சத்தம் போட்டதில்ல" என்று நானும் சொன்னேன். சொன்னதில் வருத்தம் இல்லை.

மறுநாள் அவர்களுடைய பாஸ்டர் எண்ணெய் புட்டியோடு வந்துவிட்டார். டைவோவின் தலையில் முழுப் புட்டியையும் கவிழ்த்து, "வெளியே போ, வெளியே போ" என்று ஜெபித்தார். பிள்ளை இந்தத் தூசிக் காற்றில் வறண்டு கிடந்தாள், நல்ல ஒலிவ எண்ணெய், முகம் பளபளவென்று ஆகிவிட்டது. நன்றி சொன்னேன். அதற்குத்தான் அவருக்கு அதிகக் கோபம். அவர் போன சூட்டோடு நம் பள்ளிவாசல் பெண்கள் வந்தார்கள். "மரத்தை எரிச்சிடு முயினத். ஆசையா இருந்தா சந்தையில ஒரு பிளாஸ்டிக் பொம்மை வாங்கிக்கோ, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றாள் தலைவி பசிரத். "உன் புருசன் போனா உனக்கும் பிளாஸ்டிக்ல ஒண்ணு வாங்கித் தரேன்" என்றேன். டீ குடிக்காமலே போய்விட்டார்கள்.

உங்கள் மைத்துனர் சமாதானம் செய்வதாக நினைத்து, எனக்குச் சொல்லாமல் டைவோவைத் தங்கள் ஆங்கிலிக்கன் கோயிலிலிருந்து துவைக்க வந்த பாடகர் அங்கிகள் இருந்த பெட்டியில் ஒளித்துவைத்தார். அங்கிகள் துவைத்தாயிற்று என்று அந்தப் பெட்டியைக் கோயிலுக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். பயிற்சிக்குப் பெட்டியைத் திறந்ததும் பாதிப் பாட்டுக்காரிகள் ஜன்னல் வழியாகப் போனார்களாம். பாதிரியாரே அவளை அங்கியில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "முதல் வரிசையிலதாம்மா நின்னாங்க. குரல்தான் கொஞ்சம் கம்மி" என்றார். பாதிரியாருக்கு ஒரு கோழி கொடுத்தனுப்பினேன்.

அதற்குள் யூனிஸிடமிருந்து ஆள் வந்தது: கல்யாணம் வேண்டுமா, கட்டை வேண்டுமா? கெஹிந்தே அழவில்லை அண்ணா. "அவகிட்ட பேசிப் பேசித்தாம்மா நான் பேச்சே கத்துக்கிட்டேன். அவ வெளிய நின்னா நானும் வெளிய நிக்கிறேன்" என்றாள். கூட வந்திருந்த டாரே போய் அவள் பக்கத்தில் நின்றான். நல்ல பையன்.

ஆகவே கல்யாணம் நடக்கும், டைவோ உட்காருவாள். நீங்கள் துஆ ஓதுவீர்கள், பாதிரியார் ஜெபிப்பார், பாபலாவோவுக்கும் சொல்லியாயிற்று. யூனிஸ் மட்டும் என் வாசலை மிதிக்கக் கூடாது. அவளிடம் நீங்கள் பள்ளிக்கூடக் குரலில் நாலு வார்த்தை கடுமையாகச் சொல்ல வேண்டும். இதில் மாற்றமே இல்லை.

அண்ணியின் முழங்கால் குணமாகட்டும். உங்கள் ஆயுளை அல்லாஹ் நீட்டித்துத் தரட்டும்.

உங்கள் தங்கை,
முயினத்

பி.கு.: கடுமையான வார்த்தை எதுவும் வேண்டாம். உறையை ஒட்டும்போது பின்வாசலில் யாரோ தட்டினார்கள். யூனிஸ். உள்ளே வந்ததும் கதவைத் தாழிடச் சொன்னாள். பைபிள் பைக்குள் கையை விட்டு, கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். தடவித் தடவிக் கண்ணும் மூக்கும் மழுங்கிப்போன ஒரு சின்ன மர முகம். "என் கூட ரெட்டையாப் பொறந்தவ. பாஸ்டருக்குத் தெரியாது, என் வீட்டுக்காரருக்கும் தெரியாது" என்றாள். "எங்கம்மா போனதுக்கப்புறம் இவளை யாரும் குளிப்பாட்டலை. எப்படின்னு எனக்குச் சொல்லிக் குடுப்பியா?" என்றாள். அடுப்பில் தண்ணீர் வைத்திருக்கிறேன். மற்றவை நேரில்.