சப்தமியில் புறப்பட்ட ஃபைல்

பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் பெற்றோரில் பல வகை உண்டு. அழுகிற வகை, ஊறுகாய் கட்டுகிற வகை, தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற வகை. இவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை. நான் சொல்ல வந்தது நான்காவது வகை: ஃபைல் அப்பா. கையில் தடித்த ஃபைல், சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனா, கக்கத்தில் ஒரு நீள நோட்டு. விமானத்தில் பிள்ளை ஏறுவதற்கு ஆறு மாதம் முன்பே இவர் ஏறி உட்கார்ந்துவிடுவார்.

இவரைப் பேச்சிலேயே கண்டுபிடித்துவிடலாம். "பொண்ணுக்கு அட்மிஷன் கிடைச்சிருக்கு" என்று சொல்ல மாட்டார். "நமக்கு அட்மிஷன் வந்தாச்சு, நம்ம விசாதான் பாக்கி" என்பார். கேட்பவர்கள், இந்த வயதில் இவர் என்ன படிக்கப் போகிறார் என்று யோசிப்பார்கள்.

உதாரணத்துக்கு ஸ்ரீரங்கம் சித்திரை வீதி வேதாந்தத்தை எடுத்துக்கொள்வோம். முப்பத்துநான்கு வருடம் நான்கு மாதம் ஓர் அலுவலகத்தின் ரெக்கார்டு ரூமைக் கட்டிக் காத்து ஓய்வு பெற்றவர். கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி, காவிரியில் புதுத் தண்ணீர் வந்த தேதி, மகள் ஹம்ஸாவுக்கு முதல் பல் விழுந்த தேதி, நேரம், அப்போது அவள் கடித்துக்கொண்டிருந்த முறுக்கு எந்தக் கடையில் வாங்கியது என்பது வரை அவரிடம் எழுத்தில் உண்டு. அந்த ஹம்ஸாவுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. ஆஸ்திரேலியாவில் மேற்படிப்பு. இருபத்திரண்டு என்பது நோட்டில் இருந்தது. வேதாந்தத்துக்குத்தான் அது தெரியாது.

பல்கலைக்கழகம் பெற்றோருக்கென்று ஒரு வழிகாட்டிக் குறிப்பு அனுப்பியது. பதினெட்டுப் பக்கம். உலகத்தில் வேறு எந்த அப்பாவாவது அதை முழுக்கப் படித்திருப்பாரா? வேதாந்தம் இரண்டு பிரதி அச்செடுத்தார், படிக்க ஒன்று, பத்திரப்படுத்த ஒன்று. மூன்றாம் பக்கத்தில் 'பாஸ்போர்ட் முதலிய ஆவணங்கள் மாணவரிடமே இருக்கட்டும், அவரே பொறுப்பேற்றுப் பழகட்டும்' என்று இருந்தது. வேதாந்தம் சிவப்பு மையில் அடிக்கோடிட்டார். ஓரத்தில் 'மிக அவசியம்' என்று எழுதினார். பிறகு அந்தப் பக்கத்தைத் துளை போட்டு, மகள் கை வைக்கவே கூடாத ஃபைலுக்குள் கோத்து, ஃபைலைப் பீரோவில் பூட்டினார். நல்ல அறிவுரைதான். மற்ற அப்பாக்களுக்கு.

ஃபைலில் மொத்தம் நாற்பத்திரண்டு உருப்படி. தினமும் காலை காபிக்குப் பின் எண்ணுவார். நாற்பத்திரண்டு இருந்தால் நோட்டில் ஒரு டிக். ஹம்ஸாவுக்கு ஏதாவது வேண்டுமென்றால் நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

"என் பாஸ்போர்ட்டுக்கு நானே கையெழுத்துப் போடணுமாப்பா?"

"பழக்கம் வரணும்மா."

இந்த நிலையில்தான் பஞ்சாங்கம் குறுக்கே வந்தது. விமானம் திங்கட்கிழமை பிற்பகல் 1.10க்கு. திங்கள் அஷ்டமி. அஷ்டமியில் பயணம் கிளம்பலாமா? விமானக் கம்பெனிக்கு அது தெரியாது. ஆனால் இதற்கெல்லாம் பெரியவர்கள் பரஸ்தானம் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பயணம் போகிறவரின் பொருள் ஒன்றை முன்கூட்டியே நல்ல நேரத்தில் வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. கிளம்பும்போது போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம்.

"அவ துப்பட்டா ஒண்ணைக் குடுத்தாப் போறும்னா" என்றாள் மனைவி வேதவதி.

"துப்பட்டாவா படிக்கப் போறது? எது முக்கியமோ அதைத்தான் வைக்கணும்."

ஞாயிறு, சப்தமி, காலை 7.50க்கு ஃபைல் தெருவைக் கடந்து எதிர்வீட்டு ரங்கநாயகி மாமியிடம் போயிற்று. ஈரக் கையால் தொடக் கூடாது, மேலே கனம் வைக்கக் கூடாது, குழந்தைகள் கண்ணில் படக் கூடாது, என்னைத் தவிர யார் கேட்டாலும் தரக் கூடாது என்று பதினோரு நிபந்தனை சொல்லி, மாமியிடம் நோட்டில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்தார் வேதாந்தம். மறுநாள் எத்தனை மணிக்கு வந்து எடுத்துக்கொள்வார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

திங்கள் காலை 8.55. தெருக்கோடி டாக்ஸி டிரைவர் ஜெயக்குமார் பெட்டிகளை வண்டியில் ஏற்றி முடித்தார். வேதாந்தம் எதிர்வீட்டுக்குப் போனார். கதவில் பூட்டு. பூட்டில் சொருகிய ஒரு சீட்டு: 'மண்ணச்சநல்லூரில் ஒரு குழந்தைக்கு ஆண்டு நிறைவு. பன்னிரண்டு மணிக்குள் வந்துவிடுவேன். ஃபைல் பீரோவில் பத்திரம்.'

போன் செய்தார். மணி அடித்தது. வீட்டுக்குள்ளே அடித்தது.

வேதாந்தத்துக்கு வாழ்க்கையில் முதல்முறையாக எழுத ஒன்றும் தோன்றவில்லை.

"சார், பூட்டை ஒடைச்சிரலாமுங்களா?" என்றார் ஜெயக்குமார்.

"உடைக்கறதா! சாட்சி யாரு? யாரோட அனுமதில?"

"அப்ப மண்ணச்சநல்லூர் போவோம். மாமி எந்த வீட்டுல இருக்காங்க சார்?"

அது சீட்டில் இல்லை. பன்னிரண்டு மணிக்கு மாமி வந்து, ஃபைலை எடுத்து, காவிரிப் பாலத்தையும் டோல்கேட்டையும் தாண்டி விமான நிலையம் போவதற்குள்... வேதாந்தம் நோட்டின் பின்னட்டையில் மணிக்கணக்குப் போட்டார். ஐந்து விதமாகப் போட்டார். ஐந்திலும் விமானம் போய்விட்டது.

"ஆறு மாசம் எண்ணி எண்ணி வெச்சு, கடைசில நானே அவ படிப்பைக் கொண்டுபோய்ப் பூட்டி வெச்சுட்டேனே, வேதவதி!"

"அப்பா, வண்டில ஏறுங்கோ" என்றாள் ஹம்ஸா.

"ஏறி? பாஸ்போர்ட் இல்லாம?"

ஹம்ஸா தோள்பையைத் திறந்தாள். பாஸ்போர்ட். அட்மிஷன் கடிதம். மார்க் ஷீட்டுகள். எல்லாம் அசல்.

"அப்போ ஃபைல்ல இருக்கறது?"

"கலர் ஜெராக்ஸ்ப்பா. நீங்க குளிக்கப் போனப்போ அசலை நான் எடுத்து மூணு வாரம் ஆறது."

"தினம் எண்ணினேனே! நாப்பத்திரண்டும் இருந்துதே!"

"எண்ணிக்கைதானே பாத்தேள்? ஒண்ணு எடுத்தா ஒண்ணு வெச்சுட்டேன்."

ஒரு நல்ல மனிதராக இருந்தால் இந்த இடத்தில் மகளைக் கட்டிக்கொண்டிருப்பார். இவர் கேட்டது: "நோட்டுல கையெழுத்துப் போட்டுத்தானே எடுத்தே?"

"போட்டிருக்கேன். முப்பத்தேழாம் பக்கம். நீங்க எழுதுவேள், திருப்பிப் படிக்க மாட்டேளே."

"எல்லாம் சரிடீ, பரஸ்தானம்?" என்றார் வேதாந்தம். "அப்போ சப்தமில ஜெராக்ஸ்தானே கிளம்பியிருக்கு?"

வேதவதி வண்டிக் கதவைத் திறந்தாள். "நேத்திக்கு நீங்க எதிர்வீட்ல நிபந்தனை சொல்லிண்டிருந்தப்போவே, ஜெயக்குமார்கிட்ட அவ துப்பட்டாவைக் குடுத்து அவா ஆத்துல வெச்சுக்கச் சொல்லிட்டேன். வாங்கோ, நேரமாறது."

"முன் சீட்லதான் இருக்குங்க சார்" என்றார் ஜெயக்குமார். "எங்கிட்ட யாரும் கையெழுத்து வாங்கல."

மன்னார்புரம் தாண்டும்போது வேதாந்தம் நோட்டைப் பிரித்தார். முப்பத்தேழாம் பக்கம். தேதி சரி. நேரம் சரி. உருப்படிகள் வரிசைப்படி. அவர் எழுத்தைப் போலவே சாயாத எழுத்து. குறை சொல்ல ஓர் இடம் கிடைக்கவில்லை. 'திருப்பிக் கொடுக்கும் தேதி' என்ற கட்டத்தில் மட்டும் ஹம்ஸா ஒரு கோடு இழுத்திருந்தாள். ஸ்கேல் வைத்து இழுத்த கோடு. அதைப் பார்த்துக்கொண்டே விமான நிலையம் வரை போனார். வாசலில் மகளிடம் சொல்ல எழுதிவைத்திருந்த பத்தொன்பது குறிப்புகளில் ஒன்றையும் சொல்லவில்லை. "போயிட்டு வாம்மா" என்றார். அது பட்டியலில் இல்லாதது.

நீங்கள் சிரித்திருப்பீர்கள். நல்லது. ஒரே ஒரு கேள்வி. உங்கள் பிள்ளையின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் இப்போது எங்கே இருக்கிறது?

யோசிக்காமல் 'பீரோ, இரண்டாம் தட்டு, நீலக் கவர்' என்று வாய்க்குள் சொல்லிவிட்டீர்களா? வணக்கம். நம் சங்கத்துக்கு வந்து சேர்ந்துவிட்டீர்கள். போய் அந்தக் கவரைத் திறந்து பாருங்கள், உள்ளே இருப்பது ஜெராக்ஸாக இருந்தால் சந்தோஷப்படுங்கள். பிள்ளையை நன்றாகத்தான் வளர்த்திருக்கிறீர்கள்.